ஒண்ணோட பொணத்தை எண்ணினாங்க, இன்னொண்ணோட பாட்டை எண்ணினாங்க: தைலசினும் கர்ட்லேண்ட் வார்ப்ளரும்

யூடியூப்ல ஒரு நிமிஷம் ஓடற கருப்பு வெள்ளை வீடியோ ஒண்ணு இருக்கு. 1933 டிசம்பர்ல எடுத்தது, ஆஸ்திரேலியாவுக்குத் தெக்கால இருக்கற டாஸ்மேனியா தீவுல, ஹோபார்ட்ங்கற ஊர்ல இருந்த போமாரிஸ் ஜூவுல. கம்பி வேலிக்குள்ள ஒரு மிருகம் அங்கயும் இங்கயும் நடக்குது. தலை நாய் மாதிரி, முதுகோட பின்பாதில வரி வரியா கோடு, வால் மட்டும் கங்காரு வால் மாதிரி அடியில தடிச்சு விறைப்பா இருக்கும். நடுவுல ஒரு இடத்துல அது கொட்டாவி விடும், வாய் பொளந்துகிட்டே போகும், இதுக்கு மேல பொளக்காதுன்னு நாம நினைக்கறப்ப இன்னும் கொஞ்சம் பொளக்கும். படம் எடுத்த டேவிட் ஃப்ளேங்கறவர் கேமராவோட கூண்டுக்குள்ளயே நின்னு எடுத்திருக்காரு, அவரை பின்பக்கத்துல ஒரு கடியும் கடிச்சு வச்சுது. அதோட பேரு தைலசின். டாஸ்மேனியப் புலின்னு சொல்லுவாங்க. இன்னைக்கு உலகத்துல அதுல ஒண்ணு கூட இல்ல.

இப்ப இன்னொரு இடத்துக்குப் போவோம். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ஜூன் மாசம், விடியக்காலை. ஆள் உயரம், ரெண்டு ஆள் உயரம் இருக்கற இளம் பைன் மரங்களுக்கு நடுவுல சிலர் நேர்கோடு பிடிச்ச மாதிரி நடந்து போறாங்க. கொஞ்ச தூரம் நடப்பாங்க, நிப்பாங்க, காது குடுத்துக் கேப்பாங்க, கையில இருக்கற மேப்ல ஒரு புள்ளி வைப்பாங்க, மறுபடி நடப்பாங்க. அவங்க தேடறது ஒரு சின்னக் குருவியோட பாட்டை. வயிறு எலுமிச்சை மஞ்சள், முதுகு நீலம் கலந்த சாம்பல், எடை 14 கிராம் பக்கம், அதாவது நாலஞ்சு ரூபா நாணயம் சேர்ந்த கனம்தான். வாலை எப்பவும் மேலயும் கீழயும் ஆட்டிகிட்டே இருக்கும். அதோட பேரு கர்ட்லேண்ட் வார்ப்ளர். இது இன்னும் இருக்கு. பாடுது.

இந்த ரெண்டையும் எதுக்குப் பக்கத்துல பக்கத்துல வைக்கறேன்னா, "அற்றுப்போன இனம்", "நியர் த்ரெட்டன்ட்" அப்படின்னு செய்திகள்ல அடிக்கடி வருது, படிக்கறவங்க பாதிப் பேருக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு சரியாத் தெரியறதில்ல, "அச்சுறு நிலையை அண்மித்த இனம்"னு தமிழ்ல போட்டா இன்னும் குழப்பம்தான் ஆகுது. பட்டியலைக் காட்டி விளக்கறதை விட ரெண்டு உயிரோட கதையைச் சொன்னா மனசுல நிக்கும்னு எனக்குத் தோணுது. ஒண்ணு பட்டியலோட அந்தக் கடைசில இருக்கு, இன்னொண்ணு ஒரு காலத்துல அதே கடைசியை நோக்கி வேகமாப் போய்கிட்டு இருந்து, பாதி வழியில திருப்பிக் கொண்டு வரப்பட்டது.

முதல்ல பட்டியலை மட்டும் கொஞ்சம் பாத்துடலாம். ஐயுசிஎன் அப்படின்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, 1948ல ஆரம்பிச்சது. அவங்க 1964ல இருந்து சிவப்புப் பட்டியல்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஒவ்வொரு உயிரினத்தையும் ஆராஞ்சு அது எந்த நிலையில இருக்குன்னு ஒரு கட்டத்துல போடுவாங்க. நல்லா இருக்கறது ஒரு கட்டம், அதுக்கு அடுத்தது நம்ம நியர் த்ரெட்டன்ட், அதுக்கப்புறம் வர்ற மூணு கட்டத்தைத்தான் உண்மையிலேயே "ஆபத்துல இருக்கு"ன்னு சொல்லுவாங்க, அந்த மூணுலயும் ஆபத்து கூடிகிட்டே போகும். அப்புறம் காட்டுல இல்ல, கூண்டுல மட்டும்தான் இருக்குங்கற நிலை. கடைசில அற்றுப்போனது. இது போக, சொல்ற அளவுக்குத் தகவல் இல்லாததுக்கும் இன்னும் ஆராயவே ஆரம்பிக்காததுக்கும் தனித்தனியா கட்டம் இருக்கு. அதனால நியர் த்ரெட்டன்ட்னா "கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு"ன்னு நினைச்சுக்காதீங்க, பல பேர் அப்படித்தான் புரிஞ்சுக்கறாங்க. ஆபத்துக் கட்டத்துக்குள்ள இன்னும் வரல, ஆனா வாசல்படிக்கிட்ட நிக்குதுன்னு அர்த்தம்.

யாரு எந்தக் கட்டம்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, எல்லாம் எண்ணிக்கைதான். எத்தனை இருக்கு, எவ்வளவு வேகமா குறையுது, எவ்வளவு பரப்புல இருக்கு. உதாரணத்துக்கு, பத்து வருஷத்துலயோ இல்ல மூணு தலைமுறைக்குள்ளயோ (எது நீளமோ அது) பாதிக்கு மேல குறைஞ்சா ஒரு கட்டம், எண்பது சதவீதம் குறைஞ்சா இன்னும் மோசமான கட்டம். நல்ல முறைதான். ஆனா எண்ணணும்னு ஒருத்தருக்குத் தோணியிருந்தாத்தானே இதெல்லாம். இந்த ரெண்டு கதையையும் படிக்கப் படிக்க எனக்கு உறைச்சது அதுதான், ரெண்டையுமே மனுஷங்க ரொம்ப கவனமா எண்ணியிருக்காங்க, என்ன எண்ணினாங்கங்கறதுல மட்டும்தான் வித்தியாசம்.

தைலசின் கதைக்கு வருவோம். அது மார்சூப்பியல், அதாவது கங்காரு மாதிரி பை வச்சிருக்கற பாலூட்டி. குட்டி முழுசா வளராம, ரொம்பச் சின்னதாப் பொறந்து, அம்மாவோட வயித்துல இருக்கற பைக்குள்ள போய் பால் குடிச்சு வளரும். தைலசினுக்கு அந்தப் பையோட வாய் பின்பக்கம் பாத்து இருந்துது. இன்னொரு ஆச்சரியம், ஆணுக்கும் ஒரு பை மாதிரி மடிப்பு உண்டு. பாக்கறதுக்கு நாய், ஓநாய் மாதிரி இருந்தாலும் நாய்க்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அதே மாதிரி வேட்டையாடி வாழ்ந்ததால உடம்பு அதே மாதிரி அமைஞ்சிடுச்சு, அவ்வளவுதான். கங்காருவுக்கு நாய் எவ்வளவு தூரமோ தைலசினுக்கும் நாய் அவ்வளவு தூரம். உண்மையான சொந்தம்னு பாத்தா டாஸ்மேனியன் டெவில், நம்பட் இந்த மாதிரி ஆஸ்திரேலிய மார்சூப்பியல் மிருகங்கதான்.

ஒரு காலத்துல ஆஸ்திரேலியா பெருநிலத்துலயும் இது இருந்துது. வடக்குல ககாடு பகுதி பாறைகள்ல பழங்குடி மக்கள் வரைஞ்ச ஓவியங்கள்ல அந்த வரிக்கோட்டோட இது நிக்கறதை இன்னைக்கும் பாக்கலாம். சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால பெருநிலத்துல அழிஞ்சு போச்சு, டிங்கோ நாய் வந்தது, மனுஷங்க பெருகினது, வானிலை மாறினது, இதெல்லாம் காரணமா சொல்றாங்க. டிங்கோ எட்டாத டாஸ்மேனியா தீவுல மட்டும் மிச்சம் இருந்துது. 1800கள்ல வெள்ளைக்காரங்க அங்க குடியேறி ஆட்டுப் பண்ணை வச்சாங்க. அதோட ஆரம்பிச்சுது வினை.

ஆடு செத்தா பழி தைலசின் மேல. 1830லயே வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனிங்கற பண்ணைக் கம்பெனி தைலசினைக் கொன்னு கொண்டு வந்தா காசுன்னு அறிவிச்சுது. அப்புறம் பண்ணைக்காரங்க சேர்ந்து அரசாங்கத்தை நெருக்கினாங்க, டாஸ்மேனியா பாராளுமன்றத்துல 1886ல ஓட்டுக்கு வந்துது, 12க்கு 11னு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல தீர்மானம் நிறைவேறிச்சு. ஒரு ஓட்டு! 1888ல இருந்து அரசாங்கமே பரிசு குடுக்க ஆரம்பிச்சுது. பெருசு ஒண்ணுக்கு ஒரு பவுண்டு, குட்டிக்குப் பத்து ஷில்லிங், அதாவது அரை பவுண்டு.

ஆடுகள் செத்ததுக்கு வெறிநாய்ங்க, ஆட்டுத் திருட்டு, பண்ணையைச் சரியா கவனிக்காதது இதெல்லாமும் காரணம்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிக்காரங்க காட்டியிருக்காங்க. 2011ல வந்த ஒரு ஆய்வு தைலசினோட மண்டை ஓட்டை கம்ப்யூட்டர்ல வச்சுப் பாத்து, அவ்வளவு பெருசா பொளக்கற அந்தத் தாடைக்கு வளந்த ஆட்டை மல்லுக்கட்டி சாய்க்கற பலம் இருந்திருக்க வாய்ப்பு கம்மின்னு சொல்லுது. அதோட எடையும் முன்ன நினைச்ச மாதிரி முப்பது கிலோ பக்கம் எல்லாம் இல்ல, சராசரியா 17 கிலோ பக்கம்தான் இருக்கும்னு 2020ல கணக்குப் போட்டிருக்காங்க. கோழியை வாயில கவ்விகிட்டு நிக்கற மாதிரி ஒரு போட்டோ 1921ல வந்து ரொம்பப் பிரபலமாச்சு, பாத்தவங்க எல்லாரும் "பாருங்க திருடனை"ன்னு நம்பினாங்க, அது ஜோடிச்சு எடுத்த படம்னு பல வருஷம் கழிச்சு ஆராஞ்சவங்க சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

இப்ப அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்க. அரசாங்கம் காசு குடுத்ததுன்னா ரசீது இருக்கும் இல்லையா, அந்த ரசீதுகள் எல்லாம் இருக்கு. 1888ல இருந்து 1909 வரைக்கும் 2,184 தைலசினுக்குப் பணம் குடுத்திருக்காங்க. 1900ல ஒரே வருஷத்துல 150க்கு மேல. அடுத்த சில வருஷமும் நூறை ஒட்டியே போகுது. 1906ல 58. 1907ல 42. 1908ல 17. 1909ல ரெண்டே ரெண்டு.

இந்த வரிசையை நான் எத்தனை தடவை பாத்தாலும் வயிறு கலங்குது. ஒரு இனம் கண்ணு முன்னாடி தீந்து போறது அப்படியே எழுத்துல இருக்கு, ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் மை தொட்டு எழுதி வச்சிருக்காரு. எண்ணிக்கை இல்லாம இல்ல. செத்ததோட எண்ணிக்கை துல்லியமா இருந்துது. உயிரோட எத்தனை மிச்சம் இருக்குன்னு மட்டும் யாரும் எண்ணல. அந்தச் சமயத்துல ஒரு தொற்று நோயும் பரவினதா சொல்றாங்க, காடும் குறைஞ்சுகிட்டு வந்துது, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துது.

1930ல மாபன்னாங்கற இடத்துல வில்ஃப் பேட்டிங்கற விவசாயி ஒண்ணைச் சுட்டாரு. காட்டுல சுட்டதா பதிவான கடைசி தைலசின் அதுதான். 1936 ஜூலை 10ஆம் தேதி டாஸ்மேனியா அரசாங்கம் தைலசினைப் பாதுகாக்கப்பட்ட மிருகம்னு அறிவிச்சுது. அதே வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதி ராத்திரி ஹோபார்ட் ஜூவுல இருந்த தைலசின் செத்துப் போச்சு. நடுவுல 59 நாள். உலகத்துல நமக்குத் தெரிஞ்சு உயிரோட இருந்த கடைசி தைலசின் அது. ஆனா அப்ப அது யாருக்கும் தெரியாது. எவ்வளவு தெரியாதுன்னா, அந்த ஜூவை நடத்தின ஹோபார்ட் நகர சபை முப்பது பவுண்டு வரைக்கும் குடுத்து வேற ஒண்ணு வாங்கலாம்னு முடிவு பண்ணிச்சு. வாங்கறதுக்கு வேற ஒண்ணு இல்ல.

அந்தக் கடைசி தைலசினுக்கு என்ன ஆச்சுன்னு 2022 வரைக்கும் தெரியாமலே இருந்துது. அந்த வருஷம் ராபர்ட் பேடில், கேத்ரின் மெட்லாக்ங்கற ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அது ஒரு வயசான பெண், 1936 மே மாசம் எலியாஸ் சர்ச்சில்ங்கற கண்ணி வைக்கறவர் ஃப்ளாரன்டைன் பள்ளத்தாக்குல பிடிச்சு ஜூவுக்கு வித்தது. கண்ணி வைக்கறது அப்ப சட்டப்படி குத்தம்ங்கறதால வாங்கினதை எழுதி வைக்கல. செத்ததுக்கு அப்புறம் உடம்பு டாஸ்மேனியா மியூசியத்துக்கு வந்திருக்கு, தோலைப் பதம் பண்ணி தட்டையா விரிச்சு வச்சிருக்காங்க, எலும்புக்கூட்டைத் தனியா எடுத்து வச்சிருக்காங்க. அந்தத் தோல் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறதுக்கு ஒரு மாதிரியா கை மாறிகிட்டே இருந்திருக்கு. எத்தனை பிள்ளைங்க அதைத் தொட்டுப் பாத்திருக்கும், இந்த இனத்தோட கடைசி உயிரைத்தான் தொடறோம்னு ஒருத்தருக்கும் தெரியாம. மியூசியத்துக்குள்ளயே ஒரு அலமாரில கிடந்துது. எண்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல உலகமே தேடின ஒண்ணு.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். 1936ல செத்துப் போச்சு, ஆனா ஐயுசிஎன் பட்டியல்ல "அற்றுப்போனது"ன்னு போட்டது 1982லதான். டாஸ்மேனியா அரசாங்கம் ஒத்துகிட்டது 1986ல, அதாவது ஐம்பது வருஷம் கழிச்சு. ஏன் இவ்வளவு தாமதம்? ஏன்னா "இல்ல"ன்னு நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். இருக்குன்னு காட்ட ஒரே ஒரு மிருகம் போதும், இல்லன்னு காட்டணும்னா எல்லா மலையும் எல்லாப் புதரும் தேடி முடிச்சாகணும். கடைசி ஒண்ணும் செத்துப் போச்சுங்கறதுல நியாயமான சந்தேகமே இல்லன்னு ஆனாத்தான் அந்த வார்த்தையைப் பயன்படுத்தணும்னு விதி. 1937, 38லயே தேடிப் போனாங்க. படம் எடுத்த அந்த டேவிட் ஃப்ளேயும் 1945, 46ல போனாரு. கால்தடம்னு சொல்லிக்கிட்டாங்க, பாத்தேன்னு சொல்லிக்கிட்டாங்க, ஒண்ணும் கைக்குச் சிக்கல. 1910க்கு அப்புறம் "பாத்தேன்"னு வந்த பதிவுகள் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல சேத்து வச்சு ஆராஞ்சிருக்காங்க. அதனால ஒரு இனத்துக்கு அந்த முத்திரை குத்தறப்ப அது செத்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்னு எப்பவும் ஞாபகம் வச்சுக்கங்க, செய்தில "இன்று அழிந்தது"ன்னு வர்றது பெரும்பாலும் எப்பவோ நடந்து முடிஞ்சது.

சரி, குருவிக்கு வருவோம், இதைச் சொல்றதுக்கு எனக்கு மனசு கொஞ்சம் லேசா இருக்கு.

கர்ட்லேண்ட் வார்ப்ளர் ஒரு பாட்டுக்குருவி. பாட்டுக்குருவின்னா வெறுமனே அழகாப் பாடற பறவைன்னு இல்ல. மூச்சுக்குழாயோட அடியில குரல் எழுப்பற உறுப்பு ரொம்ப நுணுக்கமா அமைஞ்ச ஒரு பெரிய பறவைக் கூட்டத்துக்கே அந்தப் பேரு, அந்தக் கணக்குல நம்ம காக்காவும் பாட்டுப் பறவைதான். பல பாட்டுப் பறவைகள்ல பாட்டுதான் பட்டா. "இது என் இடம், நான் இருக்கேன்"னு ஆண் குருவி சொல்றது. அதனாலதான் பாட்டைக் கேட்டு எண்ண முடியுது.

கர்ட்லேண்ட் வார்ப்ளர் ரொம்பப் பிடிவாதக்கார குருவி. எல்லா மரத்துலயும் தங்காது. ஜாக் பைன்னு ஒரு மரம், அதுவும் அஞ்சு வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும் வயசான இளம் மரமா இருக்கணும், கீழ்க்கிளை தரையைத் தொடணும், மண்ணு மணலா இருந்து தண்ணி சட்டுனு வடியணும். ஏன்னா அது கூடு கட்டறது மரத்துல இல்ல, தரையில, அந்தக் கீழ்க்கிளையோட மறைவுல, புல்லுக்கு அடியில. மரம் வளந்து கீழ்க்கிளை காஞ்சு விழுந்துதுன்னா கூரை போன வீடு மாதிரி, குருவி காலி பண்ணிட்டுப் போயிடும். அந்த ஜாக் பைன் மரமோ நெருப்பை நம்பி வாழ்ற மரம். அதோட காய் பிசினால ஒட்டிகிட்டு வருஷக் கணக்கா மூடியே கிடக்கும், காட்டுத்தீயோட சூடு பட்டாத்தான் திறந்து விதை சிந்தும். தீ வந்தா பழைய காடு போகும், புதுக்காடு முளைக்கும், அஞ்சாறு வருஷத்துல குருவி வரும். ஆயிரக்கணக்கான வருஷமா அப்படித்தான் நடந்துது. மனுஷங்க வந்து, காட்டுத்தீ ஆபத்துன்னு அணைக்க ஆரம்பிச்சாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது, வீடும் ஊரும் இருக்கே. ஆனா தீ அணைஞ்சா இளம் காடு இல்ல, இளம் காடு இல்லன்னா குருவி இல்ல.

இது பத்தாதுன்னு இன்னொரு தொல்லை. கௌபேர்டுன்னு ஒரு பறவை. நம்ம ஊர்ல குயில் காக்கா கூட்டுல முட்டை போடுமே, அதே வேலை. சமவெளியில காட்டெருமை மந்தை பின்னாடி திரிஞ்ச பறவை அது, 1800கள்ல காட்டை வெட்டி வயலாக்கினதும் மிச்சிகனுக்குள்ள வந்திடுச்சு. காக்காயாவது பெரிய பறவை, சமாளிச்சுக்கும். 14 கிராம் குருவியோட கூட்டுல தன்னை விடப் பெரிய குஞ்சு ஒண்ணு வளந்தா, கொண்டு வர்ற புழு எல்லாம் அதோட வாய்க்குத்தான் போகும், சொந்தக் குஞ்சு பட்டினியில சாகும். 1960கள் கடைசில பாத்தப்ப பத்துல ஏழு கூட்டுல கௌபேர்டு முட்டை இருந்துது.

இந்தக் குருவியை முதல்ல அறிவியல் உலகம் பாத்தது 1851ல, ஒஹாயோவுல ஜாரட் கர்ட்லேண்டுங்கற டாக்டரோட பண்ணையில. அதோட கூடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே 1903 ஆச்சு. 1951ல ஹெரால்ட் மேஃபீல்டுங்கறவர் முன்னால நின்னு ஒரு வேலை செஞ்சாரு: மொத்தக் குருவியையும் எண்ணிடறதுன்னு. உலகத்துல இது கூடு கட்டற இடமே மிச்சிகன்ல ஒரு சின்னப் பகுதிங்கறதால முழுசா எண்ண முடிஞ்சுது. பாடற ஆண் 432. பத்து வருஷம் கழிச்சு 1961ல மறுபடி எண்ணினாங்க, 502. பரவாயில்லன்னு இருந்துது. 1971ல மறுபடி எண்ணினாங்க. 201.

இப்ப தைலசினோட அந்த வரிசையை நினைச்சுப் பாருங்க, 58, 42, 17, 2. இங்க 502, 201. ரெண்டும் ஒரே மாதிரி கீழ இறங்கற கணக்குதான். பத்து வருஷத்துல அறுபது சதவீதம் போச்சு, நான் மேல சொன்ன விதியை வச்சுப் பாத்தா பாதிக்கு மேல குறைஞ்ச கட்டத்துல நேரா விழும். ஆனா இங்க எண்ணினது உயிரோட இருக்கறதை. அதனால 201ங்கற எண்ணைப் பாத்து பதற ஆளு இருந்தாங்க, பதறினா எதாவது செய்யறதுக்கு 201 குருவியும் இருந்துது. அடுத்த வருஷமே, 1972ல, கௌபேர்டைப் பிடிக்கப் பெரிய கம்பிக் கூண்டுகளை வச்சாங்க, உள்ள தீனியும் தண்ணியும் சில கௌபேர்டும், அதைப் பாத்து மத்தது உள்ள வரும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல பிடிச்சாங்க. பிடிச்சதைக் கொன்னாங்க, அதையும் மறைக்காம சொல்லணும். கூட்டுல கௌபேர்டு முட்டை இருக்கறது மளமளன்னு குறைஞ்சுது.

ஆனா குருவி உடனே பெருகல. இங்கதான் நிறைய பேர் பொறுமை இழந்திருப்பாங்க. 1974ல 167. பதிமூணு வருஷம் கழிச்சு 1987லயும் அதே 167. எதிரியைத் தள்ளி வச்சாச்சு, வீடு இல்லையே. நடுவுல 1980 மே மாசம் 5ஆம் தேதி ஒரு சம்பவம். குருவிக்காக காட்டுல கொஞ்ச இடத்தை மட்டும் கட்டுப்பாட்டோட எரிக்கலாம்னு வனத்துறைக்காரங்க தீ வச்சாங்க, காத்து மாறி தீ கை மீறிப் போச்சு, மேக் லேக் பகுதியில இருபதாயிரம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது, நாற்பது வீட்டுக்கு மேல போச்சு, தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருத்தர் உயிரும் போச்சு. அந்த எரிஞ்ச மண்ணுல ஜாக் பைன் முளைச்சு, அது தேவையான உயரத்துக்கு வந்தப்பதான், 1990க்கு அப்புறம், குருவி எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. இந்தக் குருவியை யாராவது வெற்றிக் கதையா சொன்னா, அந்த ஒருத்தரையும் சேத்துச் சொல்லணும்னு நான் நினைக்கறேன்.

அதுக்கப்புறம் தீக்குப் பதிலா வேற வழி பிடிச்சாங்க. முத்தின மரத்தை வெட்டி எடுத்துட்டு, ஜாக் பைன் கன்னை நெருக்கமா, நடுநடுவுல சின்னச் சின்ன வெளி விட்டு நடறது, வருஷத்துக்கு 3,800 ஏக்கர்ங்கறது இலக்கு. ஆயிரம் ஜோடி ஆகணும்னு குறிச்சு வச்சிருந்தாங்க, 2001ல அதைத் தாண்டிடுச்சு. 2010கள்ல ரெண்டாயிரத்தையும் தாண்டிச்சு. பக்கத்து விஸ்கான்சின்லயும், கனடா ஒன்டாரியோவுலயும் 2007ல கூடு கட்டினது தெரிஞ்சுது. 2019 அக்டோபர்ல அமெரிக்க அரசாங்கம் தன்னோட ஆபத்துப் பட்டியல்ல இருந்து இதை எடுத்துடுச்சு.

இந்த இடத்துல ஒரு குழப்பம் வரும். அமெரிக்கா எடுத்துடுச்சுன்னா ஐயுசிஎன் ஏன் இன்னும் நியர் த்ரெட்டன்ட்னு வச்சிருக்கு? ரெண்டும் வேற வேற பட்டியல். ஒண்ணு ஒரு நாட்டோட சட்டம், அதுல பேரு இருந்தா வேட்டையாடினா தண்டனை, நிலத்தை அழிச்சா வழக்கு. இன்னொண்ணு உலக அளவுல ஒரு மருத்துவ ரிப்போர்ட் மாதிரி, அதுல யாருக்கும் தண்டனை கிடையாது, நிலைமையை மட்டும் சொல்லும். ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆயாச்சு, ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கற சீட்டு மாதிரிதான் இந்தக் குருவிக்கு நியர் த்ரெட்டன்ட். மாத்திரை இங்க என்னன்னா கன்னு நடறது. நட்டுகிட்டே இருக்கணும். இருபது வருஷத்துல மரம் வளந்து வீடு காலாவதி ஆயிடும், அதுக்குள்ள அடுத்த வீடு தயாரா இருக்கணும்.

குருவியோட மறுபாதி வாழ்க்கை பஹாமாஸ் தீவுகள்ல. குளிர் வந்தா மிச்சிகன்ல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து அங்க போயிடும். அங்க எலூதெரா தீவுல பாத்தப்ப, குருவி விரும்பித் தின்னற பழம் எல்லாம் புதர்க்காட்டுல இருக்கற சில செடிங்கள்ல வருது, அதுல ஒண்ணு நம்ம ஊர் உன்னிச்செடிக்கு நெருங்கின சொந்தம். அந்தச் செடிங்க நல்லா வளர்ற இடம் எதுன்னா வெள்ளாடு மேயற இடம். ஆடு மத்த செடியை எல்லாம் தின்னுட்டு அதை மட்டும் விட்டுடுது, அதுக்கு வெயிலும் இடமும் கிடைக்குது. டாஸ்மேனியாவுல ஆட்டுப் பண்ணையால ஒரு இனமே போச்சு, இங்க ஆடு மேயறதால ஒரு குருவிக்குச் சாப்பாடு கிடைக்குது. அதனால எது நல்லது எது கெட்டதுன்னு ஊர் பாக்காம, இடம் பாக்காம மொத்தமா முடிவு பண்ணிட முடியாதுன்னு இதைப் படிச்சப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல சிலது அதிர்ஷ்டம்ங்கறதையும் ஒத்துக்கணும். குருவி யாரோட ஆட்டையும் தின்னல, அதை வெறுக்க யாருக்கும் காரணம் இல்ல. குருவி வருஷத்துக்கு நாலஞ்சு முட்டை போடும், சீக்கிரம் பெருகும். தைலசின் ஒரு தீவுல அடைஞ்சு கிடந்த பெரிய வேட்டை மிருகம், எண்ணிக்கை எப்பவுமே அதிகம் இருந்திருக்காது. காலமும் வேற, 1909ல அழிவுங்கறதைப் பத்தி கவலைப்பட ஆள் கம்மி, 1971ல நிறைய பேர் இருந்தாங்க. இதெல்லாம் உண்மை. ஆனாலும் 1901லயோ 1906லயோ அந்த ரசீதுகளைக் கூட்டிப் பாத்து "இனி காசு குடுக்கறதை நிறுத்துவோம்"னு ஒருத்தர் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்காம இருக்க முடியல. ரசீது குறைஞ்சதை வேலை நல்லா நடக்குதுன்னுதான் பாத்தாங்க.

இன்னொரு வித்தியாசம். கர்ட்லேண்ட் வார்ப்ளர் போயிருந்தா அதோட சொந்தக்கார வார்ப்ளர்கள் முப்பதுக்கு மேல அமெரிக்கக் கண்டத்துல பாடிகிட்டு இருக்கும். அதனால அது போனா பரவாயில்லன்னு சொல்ல வரல. தைலசின் போனப்ப அந்தக் குடும்பத்துலயே அதுதான் கடைசி, மத்த உறவெல்லாம் லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே போயாச்சு. ஒரு இலை இல்ல, ஒரு கிளையே மொத்தமா முறிஞ்சுது.

"அதான் திரும்பக் கொண்டு வரப் போறாங்களாமே"ன்னு கேப்பீங்க. 1909ல சாராயத்துல போட்டு வச்ச ஒரு குட்டியோட உடம்புல இருந்து தைலசினோட மரபணுத் தொகுதியைப் படிச்சு 2017ல வெளியிட்டாங்க. 2022ல மெல்போர்ன் பல்கலைக்கழக ஆளுங்களும் கொலோசல்ங்கற அமெரிக்க கம்பெனியும் சேர்ந்து, டன்னார்ட்ங்கற எலி அளவு மார்சூப்பியலோட செல்லை மாத்தி மாத்தி தைலசின் மாதிரி ஒண்ணை உண்டாக்கப் போறதா அறிவிச்சாங்க. ஆராய்ச்சியில கத்துக்கறது நிறைய இருக்கும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா பொறக்கறது தைலசின் ஆகாது, தைலசின் மாதிரி மாத்தப்பட்ட வேற ஒண்ணு. வேட்டையாட, ஒளிஞ்சுக்க, குட்டியைப் பாத்துக்க அதுக்குச் சொல்லிக் குடுக்கற அம்மா தைலசின் எங்கயும் இல்ல. சிவப்புப் பட்டியல்ல அந்தக் கடைசிக் கட்டத்துல இருந்து யாரும் வெளிய வந்ததா சரித்திரம் இல்ல, செத்துப் போச்சுன்னு தப்பா நினைச்சு அப்புறம் உயிரோட கண்டுபிடிச்சதைத் தவிர.

குருவி இப்ப எப்படி இருக்குன்னா, 2021ல எண்ணினப்ப 2,245 ஜோடி. 2025ல மறுபடி எண்ணினாங்க, சுமார் 1,500 ஜோடிதான் இருந்துது. நாலு வருஷத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. சரியான வயசுல இருக்கற இளம் ஜாக் பைன் காடு பத்தலங்கறதுதான் பெரிய காரணமா பாக்கறாங்க. இன்னைக்கு ஒருத்தர் குனிஞ்சு ஒரு கன்னை அந்த மணல்ல ஊனினா, அதோட கீழ்க்கிளை தரையைத் தொட்டு ஒரு கூட்டை மறைக்கற அளவுக்கு வர இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்.